இது என் கண்ணா?

தோலைக் கிழிக்காமல் ஒரு மனிதரின் ரத்தக் குழாய்களை நேருக்கு நேராகப் பார்க்க உடம்பில் அருமையான ஓர் இடம் இருக்கிறது: கண்ணின் பின்சுவர். கண்மணி கறுப்பாகத் தெரிகிறதே, அது ஒரு துவாரம். உள்ளே இருட்டு, அவ்வளவுதான். எட்டிப் பார்க்கலாம் என்று குனிந்தால் நம் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர், அந்தத் துவாரம் வழியாக வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, அதே வழியில் திரும்பி வருவதைப் பார்க்கும் ஒரு சின்னக் கருவியை உலகத்துக்கு அறிவித்தார். அதற்கு முன் உயிரோடிருக்கும் மனிதரின் விழித்திரையை மருத்துவர்கள் தெளிவாகப் பார்த்ததில்லை.

இன்றைக்கு அதைக் கேமராவில் எடுக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் முதலில் கண் என்றே தோன்றாது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய வட்டம். ஒரு பக்கம் வெளிர்மஞ்சளாகச் சின்ன வட்டு. பார்வை நரம்பு மூளைக்குப் புறப்படும் இடம் அது. அங்கிருந்து முருங்கைக் கொப்பு போல மேலும் கீழும் பிரிந்து போகும் சிவப்புக் கோடுகள். நடுவில் கொஞ்சம் இருண்ட ஒரு பகுதி. நீங்கள் இந்த வரியைப் படிப்பது அந்த இருண்ட பகுதியால்தான்.

சர்க்கரை நோய் இந்தப் படத்தில் மெதுவாக எழுதும். முதலில் மிக நுண்ணிய குழாய்களின் சுவர் நைந்து, குட்டிப் பலூன் மாதிரி உப்பும். படத்தில் அது ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு குழாய் கசியும். கசிந்த கொழுப்பு மஞ்சள் துகள்களாகப் படியும். ரத்தம் கிடைக்காத இடங்கள் பஞ்சு ஒட்டியது போல வெளுக்கும். கடைசியில், ரத்தம் போதவில்லை என்று விழித்திரை புதிய குழாய்களை முளைக்க வைக்கும். அவை நோஞ்சான்கள். உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் நிரம்பும்.

இதில் பயங்கரமான விஷயம், பெரும்பாலும் இது எதுவுமே வலிக்காது. நடுப்பகுதியைத் தொடாத வரை பார்வையும் குறையாது. பேப்பர் படிக்கலாம், ஸ்கூட்டி ஓட்டலாம், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்.

*

நான் மூன்று வருடம் இந்த ஆரஞ்சு வட்டங்களைப் பார்ப்பதையே வேலையாகச் செய்தேன். நான் டாக்டர் இல்லை. பி.எஸ்சி. இயற்பியல். கோயம்புத்தூரில் ஒரு மாடிக் கட்டடத்தில், கணினிகளுக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கான படங்களைத் தயார் செய்யும் ஒரு நிறுவனம். எங்கள் ஹாலில் இருபது பேருக்கு மேல் இருந்தோம், பெரும்பாலும் பெண்கள். பக்கத்து வரிசையில் சாலைப் படங்களில் மாட்டையும் ஆட்டோவையும் கட்டம் போட்டுப் பிரிப்பார்கள். எங்கள் வரிசைக்குக் கண். வேலையின் பெயர் அனோட்டேஷன். வீட்டில் கேட்டால், "கம்ப்யூட்டருக்கு டியூஷன் எடுக்கறேன்" என்று சொல்லுவேன்.

முதல் ஆறு மாதம் தரம் பிரிப்பது மட்டும்: தெளிவு, சுமார், தள்ளுபடி. பிறகு வட்டின் ஓரத்தை வரைவது. அதற்கும் பிறகுதான் புள்ளிகள். ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் சுற்றி ஒரு சின்னக் கட்டம் போட வேண்டும். ஒரே படம் எங்களில் மூன்று பேருக்குப் போகும். மூன்று பேரும் ஒத்துப்போகவில்லை என்றால் அது தனிக் கோப்பில் விழும். சனிக்கிழமை ஒரு ஓய்வுபெற்ற கண் மருத்துவர் வீடியோ காலில் வந்து தீர்ப்புச் சொல்வார். எங்களுக்கு அவர் "டாக்டர் சார்". சில படங்களை நிறுவனம் வேண்டுமென்றே இரண்டு முறை அனுப்பும், எங்களைச் சோதிக்க. ஒரு தடவை அவருக்கே ஒரு படம் திரும்பிப் போய்விட்டது. போன வாரம் "ஆமா" என்றிருந்தார், இந்த வாரம் "இல்ல". சொன்னதும் சிரித்தார். "ரெண்டு நாளும் நான் பொய் சொல்லலைம்மா. அந்தப் புள்ளி அப்படிப்பட்ட புள்ளி."

இது அவருடைய குறை என்று எனக்குத் தோன்றியதில்லை. இந்தத் துறை முழுக்கவே இப்படித்தான். கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016இல் ஜாமா இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திரைப் படம் பார்த்துச் சர்க்கரைப் பாதிப்பைச் சொல்ல ஒரு கணினி நிரலைப் பழக்கினார்கள். பழக்கப் பயன்பட்டவை 1,28,175 படங்கள். அமெரிக்காவிலிருந்தும், இந்தியாவில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. ஒவ்வொரு படத்தையும் 54 மருத்துவர்கள் கொண்ட குழுவில் குறைந்தது மூன்று பேர், சிலவற்றை ஏழு பேர் பார்த்தார்கள். ஏன் அத்தனை பேர்? ஒருவர் சொன்னால் போதாது. பெரும்பான்மை எதுவோ அதுதான் விடை. கணினி கற்றுக்கொண்ட "உண்மை" என்பது ஓட்டெடுப்பில் ஜெயித்த உண்மை.

கணினி எப்படிக் கற்றது என்பதை எங்கள் ஹாலில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். படத்தைக் கொடு. அது எதையாவது உளறும். சரியான விடையைச் சொல். எவ்வளவு தப்பு என்று கணக்குப் போட்டு, தன் உள்ளே இருக்கிற லட்சக்கணக்கான எண்களை ஆளுக்கு ஒரு துளி திருகிக்கொள்ளும். அடுத்த படம். மறுபடி உளறல், மறுபடி திருகல். இதுதான் சிவப்புப் புள்ளி, இதுதான் ரத்தக் குழாய் என்று அந்த ஆய்வில் யாரும் அதற்கு எடுத்துச் சொல்லவில்லை. படமும் விடையும் மட்டும். அந்தப் படத்தையும் 299க்கு 299 கட்டங்களாகச் சுருக்கித்தான் கொடுத்தார்கள். அப்படியும் அது மருத்துவர்களுக்குச் சமமாக வந்து நின்றது.

*

கணினி பார்ப்பதும் நாம் பார்ப்பதும் ஒன்றில்லை என்பதை நான் ஒரு தூசியிடம் கற்றேன்.

ஒருநாள் வரிசையாக ஒரே இடத்திலிருந்து வந்த படங்கள். பத்தாவது படத்தில் ஒரு கரும்புள்ளியைக் கட்டம் போட்டேன். பதினைந்தாவதிலும் இருந்தது. இருபதாவதிலும். அதே இடம், அதே வடிவம். வயதானவர், இளையவர், வலது கண், இடது கண், எல்லாரிடமும் கீழ்மூலையில் அதே புள்ளி. கேமராவின் லென்ஸில் தூசி! நாற்பது பேருக்கு ஒரே இடத்தில் நோய் வராது என்று எனக்குத் தெரிந்தது, அந்த நாற்பது படங்களையும் வரிசையாகப் பார்த்த ஒரே காரணத்தால். படங்களைத் தனித்தனியாக எடை போடும் நிரலுக்கு அந்த வரிசை கிடையாது.

இதைவிடப் பெரிய அளவில் நடந்ததும் உண்டு. 2018இல் அமெரிக்காவில் மார்பு எக்ஸ்ரே பார்த்து நிமோனியா சொல்லும் ஒரு நிரலை ஆராய்ந்தார்கள். பழகிய மருத்துவமனைகளின் படங்களில் நன்றாகச் செய்தது, புதிய மருத்துவமனையில் தடுமாறியது. உள்ளே போய்ப் பார்த்தால், அந்த வகை நிரல் எக்ஸ்ரே எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையே கண்டுபிடிக்கக் கற்றிருந்தது. படத்தின் மூலையில் வைக்கும் உலோக எழுத்துக்கூட அதற்குத் துப்பு. நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனை எது என்று தெரிந்துவிட்டால் நுரையீரலைப் பார்க்காமலேயே பாதி மதிப்பெண் வாங்கலாமே. எங்கள் வகுப்பில் கேள்வியைப் படிக்காமல் வாத்தியார் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லும் ஒருத்தி இருந்தாள், அவள் ஞாபகம் வந்தது.

அதற்காக அது ஏமாற்று வித்தை என்றும் முடிவு கட்ட முடியாது. அதே 2018இல் வேறொரு ஆய்வு. விழித்திரைப் படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா, வயது எவ்வளவு, புகைப்பழக்கம் உண்டா என்று நிரல் சொன்னது. ஆண் பெண் விஷயத்தில் கிட்டத்தட்டத் தவறவே இல்லை. வயதைச் சராசரியாக மூன்றேகால் வருட வித்தியாசத்தில் சொன்னது. நூற்றைம்பது வருடமாக விழித்திரையைப் பார்த்துவரும் மருத்துவ உலகத்துக்கு அதில் ஆண் பெண் வித்தியாசம் தெரிகிறது என்பதே செய்தி. நான் ஆயிரக்கணக்கில் கட்டம் போட்ட அதே ஆரஞ்சு வட்டத்தில் அது ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு கோப்பு எண்தான் தெரிந்தது.

*

ஆய்வுக் கட்டுரைகளை நான் வேலைக்காக ஆரம்பித்து பிறகு பழக்கமாகவே படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே போட்டி: கணினியா, மருத்துவரா? எத்தனை நோயாளியைச் சரியாகப் பிடித்தது, எத்தனை நல்லவர்களைச் சரியாக விட்டது. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 பேரிடம் சோதித்திருந்தார்கள். அரவிந்தில் நோயுள்ளவர்களில் 88.9 சதவீதத்தையும், சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதத்தையும் நிரல் பிடித்தது. மருத்துவர்களுக்குக் குறையாத மதிப்பெண். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்கிறது ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. வருடத்துக்கு ஒருமுறை என்றால் 20 கோடிக் கண்கள். அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க எந்த ஊர் மருத்துவர்களாலும் முடியாது. இந்த நிரல்கள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் 2020இல் ஒரு கட்டுரை வந்தது, அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. கூகுள் ஆட்களே எழுதியது. தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் இந்த நிரலை வைத்து, அங்கே நடப்பதை உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தை நிரல் "தரமில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஆய்வகத்தில் நல்ல படங்கள்; கிளினிக்கில் ஜன்னல் வெளிச்சம். இருட்டாக்கக்கூடிய தனி அறை இரண்டே இடங்களில்தான். இணையம் மெதுவாக இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து காத்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இவ்வளவும் பிரச்சினைதான், ஆனால் சரி செய்துவிடலாம். என்னை நிறுத்தியது வேறு. நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி நிரல் சொன்னால், அவர் எங்கே போவார், எப்படிப் போவார், வேலையை விட்டுவிட்டுப் போக முடியுமா என்று நர்ஸுகள் யோசித்தார்கள். இதையெல்லாம் நினைத்து, சிலரிடம் பேசி இந்தச் சோதனையே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டார்கள்.

அந்த நர்ஸுகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் பஸ்ஸைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

2018 ஏப்ரலில் அமெரிக்க அரசு, மருத்துவர் பார்க்காமலேயே முடிவு சொல்ல ஒரு கண் நிரலுக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தது. அப்போது அதன் பெயர் ஐடிஎக்ஸ்-டிஆர். அதற்கு இரண்டு வாக்கியம்தான் தெரியும். ஒன்று, பாதிப்பு இருக்கிறது, கண் மருத்துவரிடம் போகவும். இன்னொன்று, இல்லை, 12 மாதம் கழித்து வரவும். மருத்துவத்துக்கு அது போதும். கேட்பவருக்குப் போதுமா என்பதை எங்கள் வீட்டில் பார்த்தேன்.

*

எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். அம்மா பூக்கட்டுகிறாள். மல்லிகை சீசனில் விடியற்காலை ஆரம்பித்தால் மதியம் வரை நிமிர மாட்டாள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும், தவறாமல் போட்டுக்கொள்வாள். பூக்கட்டக் கண் தேவையில்லை. பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே கட்டுவாள். "கை பாத்துக்கும்" என்பாள்.

ஆடிப் பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தபோது ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது. ஏப்ரல் தேதி.

"இது என்னம்மா?"

"அதுவா? கல்யாண மண்டபத்துல கண்ணு கேம்ப் போட்டாங்க. அங்க குடுத்தது."

"என்ன சொன்னாங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. மிஷின்ல செவப்பா வந்துச்சாம்."

"ஏம்மா போகல?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான பாப்பா தெரியுது! ஊசியில நூல் கோக்கறேன். டிவில ஓடுற எழுத்தப் படிக்கறேன். அங்க போய் டாக்டர் என்னம்மா செய்யுதுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? மிஷின் அனுப்புச்சுன்னா?"

இந்தக் கேள்விக்கு எந்த ஆய்விலும் விடை இல்லை. அவள் வாழ்நாள் முழுக்க டாக்டரிடம் போனது ஏதாவது செய்யும்போதுதான். காய்ச்சல் என்றால் கொதிக்கும், பல் என்றால் வலிக்கும். உடம்பு முதலில் சொல்லும், டாக்டர் பிறகு சொல்வார். இங்கே உடம்பு வாயே திறக்கவில்லை, ஒரு பெட்டி சொல்கிறது. அதை நம்பி, அந்த நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி மதுரைக்குப் போக வேண்டும். சீசன் நேரத்தில்.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நுண்குழாய், கசிவு, விழித்திரை. போனில் இணையத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இது யாரு கண்ணு?"

"தெரியலம்மா. யாரோ."

"அப்ப அவங்ககிட்டச் சொல்லு."

இருந்தாலும் என் பிடுங்கல் தாங்காமல் மறுநாள் கிளம்பினாள். மதுரைக்கு இல்லை, வத்தலக்குண்டில் ஒரு சின்னக் கண் பரிசோதனை மையத்துக்கு. டாக்டர் அங்கே இல்லை, திரையில் வருவார். படம் எடுத்தது இருபது இருபத்தொரு வயதுப் பெண், யூனிஃபார்ம் சேலையில். திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கி, அம்மாவின் தாடையைத் தாங்கியில் வைத்து, "அசையாதீங்கம்மா, பச்சை லைட்டப் பாருங்க" என்றது. சொட்டு மருந்து போடாமலே இரண்டு கண்ணும் தெளிவாக விழுந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் நிரலின் விடை வந்தது. அதே சிவப்பு எழுத்து, அதே வாக்கியம்.

அந்தப் பெண் சீட்டை எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். வெளியே பெஞ்சில் எட்டுப் பேர் இருந்தார்கள். அது மானிட்டரை அம்மா பக்கம் திருப்பியது.

"இங்க வாங்கம்மா. உங்க கண்ண நீங்களே பாருங்க."

அம்மா முன்னால் சாய்ந்தாள். "இது என் கண்ணா?"

"உங்களுதுதாம்மா. வலது கண்ணு."

"இவ்வளவு செவப்பாவா இருக்கு?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும். இந்தக் கோடெல்லாம் ரத்தக் குழாய்."

அம்மா விரலைத் திரையில் படாமல் ஒரு இடத்துக்குக் கொண்டுபோனாள். "இது என்ன, எறும்பு கடிச்சாப்ல?"

"அதாம்மா சர்க்கரை."

நான் அதே புள்ளியைச் சுற்றி ஆயிரக்கணக்கான கட்டம் போட்டவள். அம்மா கேட்டது போல ஒரு தடவைகூட நான் அதை எறும்புக்கடியாகப் பார்த்ததில்லை. அவள் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள், உதிரிப் பூ எண்ணுவதுபோல உதட்டை அசைத்து. பதினான்கு என்றாள். இடது கண்ணைக் காட்டச் சொன்னாள். அதில் புள்ளிகளை எண்ண முடியவில்லை, ஒரு ஓரத்தில் மெல்லிய குழாய்கள் சிக்கலான நூல் மாதிரி கிடந்தன. அது என்ன என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது அம்மா கேட்டாள்: "நாலு மாசத்துக்கு முன்னாடி மண்டபத்துல எடுத்தாங்களே, அந்தப் படத்துல எத்தன இருந்துச்சு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. அந்தக் கேம்ப் போட்டவர்கள் வேறு. சீட்டில் இருந்த எண்ணுக்கு நான் அங்கிருந்தே போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். படங்கள் சிஸ்டத்தில் இருக்கும் என்றார். நோயாளிக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை, ரிசல்ட் மட்டும்தான் கொடுப்போம் என்றார்.

நாலு மாதத்தில் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைவிட முக்கியமான கேள்வி ஒரு கண் மருத்துவருக்கே இருக்க முடியாது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்ற ஒருத்தி, தன் கண்ணை முதன்முதலாகப் பார்த்த மூன்றாவது நிமிடத்தில் அதைக் கேட்டாள். அதற்கான விடை எங்கேயோ ஒரு சர்வரில் அவள் பெயரிலோ ஒரு எண்ணிலோ இருக்கிறது. நான் வேலை செய்த இடத்திலும் அப்படித்தான் கண்கள் இருந்தன. அவற்றை நான் பார்த்தேன், மற்ற இருவர் பார்த்தார்கள், டாக்டர் சார் பார்த்தார், நிரல் பார்த்தது. அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு யாராவது திரையைத் திருப்பிக் காட்டியிருப்பார்கள்?

*

படம் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. படத்தைக் காட்டிப் பயமுறுத்திப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். முதுகு வலிக்கு ஸ்கேன் எடுத்து, நாற்பது வயதில் பலருக்கும் இருக்கிற தேய்மானத்தைக் காட்டி, "பாருங்க, டிஸ்க் போச்சு" என்று ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதை நாம் பார்க்காமல் இல்லை. நல்லெண்ணத்தோடும் கெடலாம். தென்கொரியாவில் உடல் பரிசோதனையோடு தைராய்டு அல்ட்ராசவுண்டும் பரவலானது. 1993ஐ விட 2011இல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் இறப்பவர்கள் எண்ணிக்கை அப்படியே இருந்தது. ஒருபோதும் தொந்தரவு செய்திருக்காத கட்டிகளுக்காக ஏராளமானவர்கள் தைராய்டை இழந்து, காலம் முழுக்க மாத்திரை சாப்பிட்டார்கள். கருவி கூர்மையாக ஆக, கண்டுபிடிக்கத் தேவையில்லாததையும் அது கண்டுபிடிக்கும். அந்த அல்ட்ராசவுண்ட் இடத்தில் நாளைக்கு ஒரு நிரல் உட்காரும்போது இது இன்னும் வேகமாக நடக்கும்.

சர்க்கரைக் கண் அந்த வகையில் சேராது. சரியான நேரத்தில் பிடித்தால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. புதிய குழாய்கள் முளைத்த கண்ணில் லேசர் வைத்தால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று 1970களிலேயே அமெரிக்காவில் பெரிய ஆய்வு நடத்தி நிரூபித்துவிட்டார்கள். லேசர் செய்வது ஒரு கடினமான பேரம். விழித்திரையின் ஓரங்களைப் பொட்டுப் பொட்டாகச் சுட்டு, நடுவைக் காப்பாற்றுகிறார்கள். ஓரம் ரத்தம் கேட்பதை நிறுத்தினால் புதிய குழாய்கள் வாடும்.

அம்மாவுக்கு அந்த வாரமே மதுரையில் இடது கண்ணுக்கு ஆரம்பித்தார்கள், மூன்று தடவையாக. டாக்டர் பேரத்தை ஒளிக்கவில்லை. போனது திரும்பாது, இருப்பது நிற்கும், இருட்டில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கலாம் என்றார். அம்மா நடுவில் குறுக்கிட்டு, "அந்தச் சிக்கலான நூலு போயிருமா?" என்று கேட்டாள். டாக்டர் நிமிர்ந்து, அவளுக்கு அது எப்படித் தெரியும் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்திருப்பார்.

இப்போது சாயங்காலம் ஆனால் வாசலில் கொஞ்சம் நிதானித்துத்தான் இறங்குகிறாள். நடுப்பார்வை அப்படியே இருக்கிறது. வலது கண்ணைக் கவனித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை அளவு முன்பைவிடக் கட்டுக்குள் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக நாங்கள் கெஞ்சியும் நிற்காத மதியத் தூக்கத்துக்கு முந்தைய டீயும் பன்னும் நின்றுவிட்டன.

வத்தலக்குண்டுப் பெண்ணிடம் இரண்டு கண்களின் படத்தையும் அச்செடுத்து வாங்கி வந்திருந்தோம். அம்மா அதை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள். பின்பக்கம் தேதி எழுதச் சொன்னாள். அடுத்த படம் எடுக்கும்போது பக்கத்தில் வைத்து எண்ணுவதற்கு.

போன வாரம் போன் செய்திருந்தாள். பூக்கட்டுகிற இடத்தில் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறாள். சர்க்கரை உள்ளவர்கள் நாலு பேர், எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தான் தெரிகிறது. எப்படியோ பேசி, ஷேர் ஆட்டோ பிடித்து எல்லாரையும் வத்தலக்குண்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அங்கே வேறு பெண் இருந்திருக்கிறது, புதுசு. படம் எடுத்ததும் சீட்டை எழுதி நீட்டியிருக்கிறது.

"நான் விடல பாப்பா. இந்தா தாயி, அந்தப் பொட்டியக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, அவங்க கண்ண அவங்க பாக்கட்டும்னேன்."

"திருப்புச்சா?"

"திருப்பாம? நான்தான் எல்லாத்தையும் எண்ணிச் சொன்னேன்."